சேரிக்கு எதற்கு லேப்டாப்?

எங்களுக்குப் புதுக் கருவிகள் என்றால் ஆசை. ஒரு புது போன் வெளிவந்தால் அதில் என்ன பிராசஸர், எத்தனை ஜி.பி. ராம், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று இரவு பதினோரு மணிக்கும் யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்போம். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் பார்ப்போம். எங்கள் குழுவில் நான்கு பேர். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோரும் சமூகப் பணியில் இருப்பவர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள், கல்லூரிக்குப் போன பிறகுதான் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம்.

கடந்த ஆண்டு அந்தப் படிப்பகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க நிதி திரட்டினோம். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். "அங்க எதுக்குங்க லேப்டாப்பு? நோட்டு, பேனா வாங்கிக் குடுங்க, போதும்." கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பணம் கொடுத்தவர்களும் கேட்டார்கள். மேடையில் சமத்துவம் பேசும் தோழர்களும் கேட்டார்கள். இவர்கள் வீட்டில் ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் 'தேவை' என்ற அளவுகோல். தேவைக்கு மேல் ஒரு பொருளை நாம் விரும்பினால் அது ஆடம்பரம். அவர்கள் விரும்பினால் அது டெக்னாலஜி ஆர்வம்.

இந்த அளவுகோல் புதிதல்ல. அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் இயந்திரங்களைப் பற்றி விரிவாகவே வாதிடுகிறார். இயந்திரம் வேண்டாம், எளிய வாழ்வே போதும் என்ற காந்தியப் பார்வையை அவர் ஏற்கவில்லை. மாட்டைப் போல உழைப்பதிலிருந்து மனிதனை விடுவித்து அவனுக்கு ஓய்வு நேரத்தைத் தருவது இயந்திரம்தான், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை என்பது அவருடைய வாதம். இயந்திரத்தால் தீமை வந்தால் அதற்குக் காரணம் சமூக அமைப்பு, அதைத்தான் மாற்ற வேண்டும் என்றார். எளிமையை உபதேசிப்பது, எளிமையைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்குச் சுலபம். கூரை ஒழுகும் வீட்டில் பிறந்தவருக்கு எளிமை என்பது விதிக்கப்பட்டது.

முதுகலை சமூகவியல் வகுப்பில் வெப்லனைப் படித்தோம். பணக்காரர்கள் அந்தஸ்தைக் காட்டுவதற்காகவே பொருள்களை வாங்குகிறார்கள் என்று 1899இல் எழுதினார். சரிதான். ஆனால் நம் ஊரில் அதே பொருள் வேறு கைக்குப் போனால் என்ன நடக்கிறது? 2015 மே மாதம் மகாராஷ்டிராவின் ஷிர்டியில் ஒரு தலித் நர்சிங் மாணவர் கொல்லப்பட்டார். அவர் போனில் ஒலித்த அம்பேத்கர் பாட்டு ரிங்டோனில்தான் தகராறு தொடங்கியது என்று செய்திகள் வந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது குடும்பத்தின் புகார். ஒரு போனும் ஒரு பைக்கும் சிலர் கையில் வெறும் பொருள். நம் கையில் வந்தால் அது சாதிக்கு விடப்பட்ட சவாலாகிவிடுகிறது. இது வெப்லனில் இல்லை.

இனி கடைக்குப் போன கதை.

திரண்டது 90,000 ரூபாய். புது லேப்டாப் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று வரும். அதனால் பழைய லேப்டாப் வாங்குவது என்று முடிவு செய்து சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினோம். படிப்பகத்தில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் இரண்டு மாணவர்களையும் கூட்டிப்போனோம். அண்ணா சாலையை ஒட்டி, ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் அந்தச் சந்துகளுக்குப் போகாத இளைஞர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டும். ஒயர், ரெசிஸ்டர், பழைய மதர்போர்டு, சிசிடிவி கேமரா, போன் டிஸ்ப்ளே, மூட்டைமூட்டையாக சார்ஜர். ஒரு ஸ்டூலும் சோல்டரிங் அயனும் வைத்துக்கொண்டு, பெரிய ஷோரூமில் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று திருப்பி அனுப்பிய மெஷினை உயிர்ப்பித்துத் தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பழைய லேப்டாப்புகள் பெரும்பாலும் கம்பெனிகளில் இருந்து வருபவை. மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற வரிசைகள் அலுவலகத்துக்காகவே செய்யப்பட்டவை. வீட்டு உபயோகத்துக்கு வரும் மலிவான புது லேப்டாப்பைவிட இவற்றின் கீபோர்டும் கீல்களும் உறுதியானவை. பின்மூடியைத் திறந்து ராமையும் டிஸ்க்கையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாக, பளபளப்பாக வரும் பல புது மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது. எட்டு ஜி.பி. வாங்கினால் அதன் ஆயுள் முழுக்க எட்டு ஜி.பி.தான். அழகுக்கு மயங்கும் முன் இதைக் கேளுங்கள்.

நாங்கள் போனது ஜூலை மாதம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்த நேரம். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதனால் ஏழாம் தலைமுறை மெஷின்கள் குவிந்து கிடந்தன. நல்ல நிலையில் இருந்த மெஷின் 9,500 ரூபாய். எட்டாம் தலைமுறை 16,500. இரண்டிலும் 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.

டீக்கடையில் நின்று ஒரு மணிநேரம் விவாதித்தோம். ஒரு தரப்பு, குறைவாக வாங்கினாலும் விண்டோஸ் 11 ஓடுவதாக வாங்குவோம், நம் பிள்ளைகளுக்கு ஏன் காலாவதியான சரக்கு என்றது. இன்னொரு தரப்பு, ஒரு மெஷினுக்கு நாலு பேர் வரிசையில் நின்றால் யார் முன்னால் உட்காருவார்கள், யார் கடைசிவரை நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாதா என்றது. அந்தக் கேள்விதான் முடிவைத் தந்தது. எண்ணிக்கை முக்கியம். மூன்று எட்டாம் தலைமுறை, நான்கு ஏழாம் தலைமுறை. மொத்தம் ஏழு மெஷின், 87,500 ரூபாய். மிச்சத்தில் மவுஸும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்.

பழைய நான்கிலும் லினக்ஸ் மின்ட் போட்டோம். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் படிவம், கல்லூரிச் சேர்க்கை எல்லாமே பிரவுசரில் நடப்பவை. அதற்கு விண்டோஸ் தேவையில்லை. லினக்ஸில் பாதுகாப்பு அப்டேட்டும் நிற்காது. டேலி படிக்கும் பி.காம். மாணவர்களுக்கு விண்டோஸ் மெஷின்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, சின்னப் பிள்ளைகளுக்கு எது விண்டோஸ் எது லினக்ஸ் என்பதே பொருட்டாக இல்லை.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருந்த பையன், "அண்ணே, எல்லாம் கம்பெனி பீஸு, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போலாம்" என்றான். எங்களோடு வந்த மாணவி, "கண்ணத் தொறந்துட்டே பாத்துடறோம்ணா, பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாமா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஒரே வரியில் ரிப்போர்ட்டை எடுத்தாள். பேட்டரி புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள் வரும். பாதிக்குக் கீழே இருந்த இரண்டு மெஷின்களைத் தள்ளிவைத்தாள். பிறகு டிஸ்க்கின் ஆரோக்கியம், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் பயாஸில் உள்ள எண்ணும் ஒன்றா, பயாஸில் பழைய கம்பெனி பாஸ்வேர்ட் பூட்டு இருக்கிறதா, வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா, எல்லா விசையும் எழுத்து விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முடிந்தபோது அந்தப் பையன் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் வாங்கப் போகும்போதும் இந்த வரிசையில் பாருங்கள். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் மெஷினைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று ஒரு புகார் வந்தால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ரிச்சி தெருவில் எங்களை யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நெரிசலான சந்தையில் கிடைக்கும் இந்த முகமின்மையை நாங்கள் விரும்புகிறோம். ஆன்லைனில் வாங்குவதும் அப்படித்தான் என்று பலர் சொல்வார்கள். வெப்சைட் சாதி கேட்பதில்லை, உண்மை. ஆனால் பொருள் வந்துசேர ஒரு முகவரி வேண்டும். எங்கள் காலனிக்கு வர வேண்டிய பார்சல்களில் பாதி ஊர் முனை டீக்கடையில் நின்றுவிடும். "இங்க வந்து வாங்கிக்கோங்க" என்று போன் வரும். ஊர்த் தெருவில் வாசல்வரை போகும் அதே வண்டி, அரை கிலோமீட்டர் தாண்டி உள்ளே வராது.

தவணை விஷயம் இன்னும் மோசம். படிப்பகத்தில் படித்து வேலைக்குப் போன ஒரு தங்கை, மாவட்டத் தலைநகரில் ஒரு ஷோரூமில் புது லேப்டாப் எடுக்கப் போனாள். மாதச் சம்பளம் வங்கியில் ஏறுகிறது. பழைய கடன் எதுவும் இல்லை. எல்லாம் சரியென்று சொல்லி, முகவரியைக் கணினியில் ஏற்றிய பிறகு நிதி நிறுவனத்து ஆள் கையை விரித்துவிட்டார். "மேடம், உங்க ஏரியா நெகட்டிவ்ல இருக்கு." யார் சேர்த்தார்கள், எதற்காக என்று கேட்டால் பதில் இல்லை. அதே பின்கோடில் உள்ள ஊர்த் தெருக்காரருக்குத் தவணை கிடைத்தது. அந்தக் காலத்தில் தெருவை வாயால் கேட்டார்கள். இப்போது சாஃப்ட்வேர் கேட்கிறது. அவளும் சளைக்கவில்லை. மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தரும்படி அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். நம் பகுதிகளில் இப்படித் தவணை மறுக்கப்பட்டால் நீங்களும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு யாரும் வழக்குப் போட முடியாது.

வேறு சில கருவிகளைப் பற்றியும் சுருக்கமாக. படம் திரையிட ஒரு புரொஜெக்டர் பார்த்தோம். மலிவான புரொஜெக்டர் பெட்டிகளில் '1080 சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பொருள். சுவரில் விழும் படத்தின் தரம் 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். ஆறு அங்குல இ-இங்க் ரீடர் நாவல் படிக்க அருமை, கண் எரியாது. ஆனால் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் தொகுதிகளின் பி.டி.எஃப். அதில் எறும்பு எழுத்தாகத் தெரியும். அதற்குப் பத்து அங்குல டேப்லெட் வேண்டும்.

எங்களை அதிகம் கவர்ந்தது தமிழில் பேசினால் எழுதித் தரும் வசதி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் போனைப் பார்த்து "நூறு நாள் வேலை காசு எப்ப வரும்" என்று கேட்டுத் தேடுகிறார்கள். எங்கள் பகுதிப் பேச்சு சிலநேரம் அதற்குப் புரியாமல் தப்பும் தவறுமாக எழுதும். அப்போது அம்மாக்கள் போனைத்தான் திட்டுகிறார்கள், தங்கள் பேச்சை இல்லை. அது நல்ல அறிகுறி.

களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு போன் வேறொரு காரணத்துக்காக முக்கியம். வன்கொடுமை நடந்த இடத்தில் முதலில் வெளியே வரும் சாட்சி இன்று போன் கேமராதான். ஆனால் வீடியோ எடுத்ததும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, இடமில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறோம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது போன்ற விவரங்களும் போய்விடும். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் குறிப்பிடப்பட வேண்டும். கோப்பில் ஒரு சிறு மாற்றம் நடந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதனால் மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். ஒரு பிரதியைப் பென் டிரைவில் வையுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். எடுத்தவர் யார், எந்த போன், என்ன நேரம் என்று அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் குறித்த எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. கேமரா நம் உரிமையின் பகுதி என்று சட்டமே சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்க நாம்தான் பழக வேண்டும்.

கருவிகளை ரசிக்கும்போது அவற்றைச் செய்யும் கைகளையும் நினைக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியபோது எங்கள் பகுதியிலிருந்தும் அக்காக்கள் போனார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது திரும்பி வந்தார்கள். இப்போது அவர்களுடைய தங்கைகளும் மகள்களும் அதே சாலையில் வேறு கம்பெனிகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். தாங்கள் பூட்டி அனுப்பும் போனை அவர்களில் பலரால் வாங்க முடியாது. கருவி செத்த பிறகு டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் அதைப் பிரித்து, ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களும் ஏழைகள்தான். மின்னணுக் கழிவுக்கு 2022 விதிகள் இருக்கின்றன. கழிவு எங்கே இருந்தாலும் அதைத் தொடும் கை யாருடையது என்பது மட்டும் மாறவில்லை. பழையதை வாங்கிச் சரிசெய்து நீண்ட நாள் ஓட்டுவதில் எங்களுக்கு உள்ள பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு இதில் செய்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். அப்போதும் இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த லேப்டாப்பில் டைப் கற்று வேலைக்குப் போனவர்களை நம் தெருக்களில் எண்ணிக் காட்டலாம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பு வந்தது. உங்கள் கல்லூரியில் பட்டியல் எப்படித் தயாராகிறது, விடுபட்டவர்கள் யார் என்று கவனியுங்கள்.

படிப்பகத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மாலை ஐந்து முதல் ஆறரை வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும். வீட்டில் ஒரே போன் இருந்தால் அது அண்ணன் கையில்தான் இருக்கிறது என்பதால் இந்த விதி. முதல் வாரம் பையன்கள் முணுமுணுத்தார்கள். இப்போது ஆறரை அடிக்கும்வரை வெளியே கேரம் ஆடுகிறார்கள். எல்லோருக்கும் தமிழ்99 கற்றுத் தருகிறோம். உயிரெழுத்துகள் இடதுகைப் பக்கம், மெய்கள் வலதுகைப் பக்கம். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டி 'அம்மா' என்று அடிக்கப் பழகாமல் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே அடிக்கிறார்கள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் செய்பவர்களிடம் ஒரு பக்கத்துக்கு நூறு ரூபாய் ஆகும். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம்மவர்கள் "மறிக்கிறார்கள்" என்று சொன்னால் தாளில் "சிரமமாக உள்ளது" என்று விழும். "ஆதிக்க சாதியினர்" என்றால் "சிலர்" என்று விழும். சென்ற மாதம், சுடுகாட்டுப் பாதையை மறித்து வேலி போட்டிருப்பது பற்றிய மனுவை ஒரு பிளஸ் டூ மாணவி ஏழாம் தலைமுறை மெஷின் ஒன்றில் உட்கார்ந்து அடித்தாள். சர்வே எண், வேலி போட்ட தேதி, போட்டவர்கள் பெயர், பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப்போன நாள் எல்லாம் அதில் இருந்தன. பெரியவர்கள் சுற்றி நின்று சொல்லச் சொல்ல அடித்தாள். ஒருவர், "பேர போட வேணாம்மா, பொதுவா எழுது" என்றார். அவளுடைய பாட்டி, "நடந்தத எழுது" என்றார். அப்படியே எழுதினாள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்து அடிக்க வேண்டிய தகவல் உரிமை மனுவை அவள் இப்போதே சேமித்து வைத்திருக்கிறாள்.